தாயின் பெயரையும் காத்த ஏடுகள்: ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடும் முறை

இன்றைய சொற்பொழிவின் பொருள், ஸ்காட்லாந்து மூதாதையரைப் பழைய குடும்பப் பதிவுகளின் வழியே தேடிக் கண்டடையும் முறை.

ஸ்காட்லாந்து சிறிய நாடு. அதன் மக்கள் பரவிய உலகமோ மிகப் பெரிது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டும், பிழைப்புத் தேடியும், படையில் சேர்ந்தும் கடல் கடந்தவர்கள் ஏராளம். அவர்கள் வழிவந்தோர் கனடாவில் இருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், நியூசிலாந்தில் இருக்கிறார்கள், சென்னையிலும் கண்டியிலும்கூட இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம்? எந்த வீட்டுப் பிள்ளைகள் நாம்? இந்தக் கேள்விகளோடு அவர்களில் பலர் ஸ்காட்லாந்தின் பக்கம் திரும்புகிறார்கள். விடை சொல்லும் ஏடுகளில் பெரும்பகுதி எடின்பரோ நகரில் இருக்கிறது. ராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1774இல் அடிக்கல் நாட்டப்பட்ட பதிவு மாளிகை அங்கேதான் நிற்கிறது. ஸ்காட்லாந்து தேசியப் பதிவுத்துறை காக்கும் அந்த ஏடுகளை 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்னும் அரசுச் சேவையின் மூலம் இன்று வீட்டிலிருந்தே புரட்டலாம்.

அந்த ஏடுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை அவை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. திருமணத்துக்குப் பின் ஒரு பெண் கணவன் பெயரால் அழைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் பதிவாளர் முன்னும் கோவில் மூப்பர் முன்னும் அவள் தன் தந்தை வீட்டுப் பெயரோடுதான் நின்றாள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புச் சான்றில் இறந்தவரின் பெற்றோருக்கு இடமே கிடையாது. ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவிலோ தந்தை பெயர் உண்டு. தாய் பெயர் உண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு. எண்பது வயது மூதாட்டி ஒருத்தி 1856இல் இறந்தாள் என்று கொள்ளலாம். அந்த ஒரே பதிவு 1770களில் இல்லறம் நடத்திய அவள் பெற்றோரின் பெயர்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு தாளில் ஒரு முழுத் தலைமுறை! தந்தை வழி மட்டுமல்லாமல் தாய் வழியையும் இவ்வளவு தொலைவு தொடர இது வாய்ப்பளிக்கிறது.

தேடலைத் தொடங்கும் இடம் எது? எடின்பரோ அன்று, சொந்த வீடு. குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்த நாள்கள், பழைய கடிதங்கள், புகைப்படத்தின் பின்புறக் குறிப்பு, முதியோர் நினைவு ஆகியவையே முதல் சான்றுகள். அங்கிருந்து தெரிந்தவரைப் பிடித்துத் தெரியாதவரிடம் போக வேண்டும். மகனிடமிருந்து தந்தைக்கு, தந்தையிடமிருந்து பாட்டனுக்கு என ஒவ்வொரு படிக்கும் ஒரு பதிவு வேண்டும். வரலாற்றுப் புகழ் பெற்ற ஒருவரை முதலில் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து கீழே இறங்கித் தன் வீட்டை வந்தடைய முயல்வோர் உண்டு. அந்த வழி கற்பனையில்தான் போய் முடியும்.

வீட்டுச் சான்றுகளுக்கு அடுத்தபடி அரசுப் பதிவு. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஸ்காட்லாந்து அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கிய நாள் 1855 ஜனவரி 1. இங்கிலாந்து 1837இலேயே தொடங்கிவிட்டது. பதினெட்டு ஆண்டு பிந்திய ஸ்காட்லாந்து அந்தத் தாமதத்தை நிறைவால் ஈடுசெய்தது. 1855ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணம் முடித்த நாள், மணம் முடித்த இடம், முன்பு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என அத்தனையும் ஒரே பதிவில் இருக்கும். அவ்வாண்டின் இறப்புப் பதிவில் இறந்தவரின் பிள்ளைகளுடைய பெயரும் வயதும்கூட வரிசையாக நிற்கும். இவ்வளவையும் கேட்டு எழுதுவது பதிவாளர்களுக்குத் தாங்க முடியாத சுமையாயிற்று. மறு ஆண்டே பல விவரங்களை நீக்கிவிட்டார்கள். பெற்றோர் மணம் முடித்த நாளும் இடமும் மட்டும் 1861இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தன. ஆகவே, குடும்பத்தில் யாராவது, ஒரு சித்தப்பாவோ தூரத்து அத்தையோ, 1855இல் பிறந்தோ மணந்தோ இறந்தோ இருந்தால் அந்தப் பதிவை முதலில் எடுத்துவிட வேண்டும். நேர் முன்னோரின் பதிவு சொல்லாததை ஓர் ஒன்றுவிட்ட உறவின் பதிவு சொல்லிவிடும்.

பதிவின் ஓரத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். திருத்தப் பதிவேட்டுக்குப் போகும்படி ஒரு சிறு குறிப்பு அங்கே இருக்கக்கூடும். தந்தை பெயர் இல்லாமல் பதியப்பட்ட குழந்தைக்கு இன்னார்தான் தந்தை என்று மாவட்ட நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்திருந்தால், அந்தத் தீர்ப்பு திருத்தப் பதிவேட்டில் ஏறியிருக்கும். சுரங்கத்திலோ ஆலையிலோ விபத்தில் இறந்தவரின் சாவுக்கான காரணமும் அங்கேதான் இருக்கும். அந்தச் சிறு குறிப்பைக் கவனிக்காமல் நகர்ந்தவர்கள், தேடியதைக் கையில் வைத்துக்கொண்டே இழந்திருக்கிறார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இறப்புப் பதிவில் இருப்பது, தகவல் சொன்னவருக்குத் தெரிந்த செய்தி மட்டுமே. தன் மாமனாரின் தாய் பெயர் மருமகனுக்குத் தவறாகத் தெரிந்திருக்கலாம். எனவே ஒரே ஒரு பதிவை மட்டும் நம்பிப் படியேறக் கூடாது. அண்மைக் காலத்தவரின் அந்தரங்கம் கருதிப் பிறப்புப் பதிவின் படத்தை 100 ஆண்டும், திருமணப் பதிவின் படத்தை 75 ஆண்டும், இறப்புப் பதிவின் படத்தை 50 ஆண்டும் கடந்த பிறகே இணையத்தில் பார்க்க விடுகிறார்கள்.

பிறப்பும் இறப்பும் தனி மனிதரைக் காட்டுகின்றன. ஒரு வீட்டை முழுவதுமாகக் காட்டுவது எது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை, ஓர் இரவில் ஒரு கூரையின் கீழ் இருந்த அத்தனை பேரையும் அது எழுதி வைத்தது. பெயர் வாரியான கணக்கெடுப்பு 1841இல் தொடங்கியது. ஆனால் அதில் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். நாற்பத்து நான்கு வயதுக்காரர் அங்கே நாற்பது வயதுக்காரராக இருப்பார். பிறந்த ஊரும் இராது. பெரும்பாலும் இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பது மட்டுமே இருக்கும். 1851இல் நிலைமை மாறியது. குடும்பத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு, எந்தப் பங்கில் பிறந்தார் என்ற இரண்டும் சேர்ந்தன. பங்கு என்பது ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர்களின் வட்டம். அந்தப் பங்கின் பெயர் கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்ததாகவே கொள்ளலாம்.

பின்வந்த கணக்கெடுப்புகள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தன. 1861இல் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டார்கள். ஒரே சன்னல் அறையில் எட்டுப் பேர் வாழ்ந்தார்கள் என்று காணும்போது, அந்தக் குடும்பம் ஏன் கப்பலேறியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1881இல் கேலிக் மொழி பேசுவோரா என்று கேட்டார்கள். 1911இல் மணமான பெண்களிடம், எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன, இன்று எத்தனை இருக்கின்றன என்று கேட்டார்கள். ஒன்பது என்று ஒரு கட்டத்திலும் ஐந்து என்று மறு கட்டத்திலும் எழுதியிருந்தால், இடைப்பட்ட நால்வரை இறப்புப் பதிவில் தேட வேண்டும். ஒரு தாயின் துயரம் இரண்டு எண்களாக அந்தத் தாளில் இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்கு இதுவரை திறந்தவற்றுள் கடைசி 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அது 2022இல் திறந்தது.

1855க்கு முன்னே போக வேண்டுமானால் என்ன வழி? அங்கே அரசு இல்லை, கோவில் இருக்கிறது. பழைய பங்குப் பதிவேடுகள் என்று சொல்லப்படும் ஏடுகளைச் சுமார் 900 பங்குகளில் ஸ்காட்லாந்துத் திருச்சபை எழுதி வந்தது. அவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் என்னும் ஊருக்கு உரியது; 1553இல் தொடங்குகிறது. எல்லா ஊருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. வடக்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் பல பங்குகளின் ஏடுகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோதான் ஆரம்பிக்கின்றன. அந்த ஊர்களில் ஏடு தொடங்கும் ஆண்டோடு வழி நின்றுவிடுவது பெரும்பாலும் உண்மை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஏடுகளில் பிறப்புக்குப் பதில் பெரும்பாலும் ஞானஸ்நானம் இருக்கும். திருமணத்துக்குப் பதில் ஓலை வாசித்த நாள், அதாவது நடக்கப்போகும் மணத்தைக் கோவிலில் அறிவித்த நாள், இருக்கும். மணமகன் ஒரு பங்கு, மணமகள் வேறு பங்கு என்றால் இரண்டு இடத்திலும் ஓலை வாசித்திருப்பார்கள். ஓர் ஏட்டில் இல்லாத விவரம் மற்றதில் கிடைக்கும். அடக்கம் மிகக் குறைவாகவே பதியப்பட்டது. பிணத்தின் மேல் போர்த்தும் கறுப்புத் துணிக்குக் கோவில் வாங்கிய வாடகைக் கணக்கே பல ஊர்களில் சாவுக்கு எஞ்சிய ஒரே சாட்சி. ஞானஸ்நானப் பதிவில் சாட்சிகளின் பெயரைக் கூர்ந்து படிக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் மாமனோ சித்தப்பனோ அண்டை வீட்டாரோதான்.

ஏட்டில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லையென்று பொருளா? இல்லை. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். அதைக் கொடுக்க மனமில்லாமலும் வழியில்லாமலும் பலர் பதியாமல் விட்டார்கள். 1794இல் அந்த வரி நீங்கியது. அடுத்து, எல்லோரும் ஒரே திருச்சபையில் இருக்கவில்லை. கத்தோலிக்கர் இருந்தார்கள், எப்பிஸ்கோப்பல் சபையார் இருந்தார்கள், 1733இலேயே பிரிந்து போனவர்கள் இருந்தார்கள். 1843இல் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குருமார் ஸ்காட்லாந்துத் திருச்சபையை விட்டு வெளியேறிச் சுயாதீன சபையை நிறுவினார்கள். அவர்கள் பின்னால் போன குடும்பங்களின் குழந்தைகளைப் பழைய பங்கேட்டில் தேடினால் கிடைக்காது. அந்தந்தச் சபையின் ஏட்டில் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. உலகறிந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று அயர்ஷயரில் அலோவே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் பர்னஸ். தாய் ஆக்னஸ் ப்ரௌன். அந்த நாளைய ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் பெயரிடுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயர். இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழக்கம் எளிதில் விளங்கும்.

பர்ன்ஸ் குடும்பம் இதைப் பின்பற்றியதா? மூத்த மகன் ராபர்ட். தந்தை வழித் தாத்தாவும் ராபர்ட். இரண்டாம் மகன் கில்பர்ட். தாய் வழித் தாத்தாவும் கில்பர்ட். மூன்றாம் மகன் வில்லியம், தந்தை வில்லியம். மூத்த மகள் ஆக்னஸ். தாயின் தாயும் ஆக்னஸ். இதுவரை வழக்கம் பிசகவே இல்லை. இரண்டாம் மகளோடு அது பிசகுகிறது. தந்தையின் தாய் இசபெல்லா. ஆனால் இரண்டாம் மகளின் பெயர் அனபெல்லா. இசபெல்லா என்ற பெயர் கடைசி மகளுக்குத்தான் வந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பெயரிடும் வழக்கம் எங்கே தேடலாம் என்று திசை காட்டும். இன்னார்தான் என்று தீர்ப்புச் சொல்லாது. தாத்தாவின் பெயர் கில்பர்ட்டாக இருக்கக்கூடும் என்று ஊகித்துக்கொண்டு போய், பதிவு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

குடும்பப் பெயரின் எழுத்தும் அப்படியே. தந்தை பர்னஸ் என்று எழுதினார். மகன் 1786 வாக்கில் பர்ன்ஸ் என்று சுருக்கிக்கொண்டார். குருவும் எழுத்தரும் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. ப்ரௌன், பிரவுன் இரண்டும் ஒரே வீடாக இருக்கலாம். மெக் என்று தொடங்கும் பெயர்களை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிப் பார்ப்பதே முறை.

அதே கவிஞரின் வாழ்க்கை இன்னொரு வகை ஏட்டின் அருமையையும் காட்டுகிறது. ஒவ்வொரு பங்கிலும் குருவும் மூப்பரும் சேர்ந்த சபை ஒன்று உண்டு. ஊரின் ஒழுக்கத்தை விசாரிப்பதும் ஏழைகளுக்கு உதவுவதும் அதன் வேலை. மணமாகாமல் கருவுற்ற பெண்ணை அழைத்து விசாரிப்பார்கள், தந்தை யார் என்று கேட்பார்கள், அவனையும் அழைப்பார்கள், சொன்னதையெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவார்கள். தன் காதலி ஜீன் ஆர்மர் கருவுற்ற விவகாரத்தில் பர்ன்ஸ் 1786இல் மாக்லின் ஊர்க் கோவிலில் சபையார் முன் கண்டனத்துக்கு நின்றார். 1788 ஆகஸ்டில் அதே மூப்பர் சபை அவ்விருவரின் திருமணத்தை ஏற்றுக் குறிப்பெழுதியது. கோவிலில் குரு முன் நடக்காத திருமணம் அது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஓர் ஆணும் பெண்ணும் மணமக்களாக உடன்பட்டுச் சொல்லிவிட்டாலே திருமணம் செல்லும். அத்தகைய திருமணங்கள் 1940 வரை சட்டத்தில் நீடித்தன. எல்லை ஊரான கிரெட்னா கிரீனுக்கு இங்கிலாந்துக் காதலர் ஓடி வந்ததற்குக் காரணம் இதுவே. ஆகவே திருமண ஏட்டில் ஒரு தம்பதி இல்லையென்றால், அவர்கள் மணக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மூப்பர் சபைக் குறிப்பைத் திறக்க வேண்டும். 2021 முதல் அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் படிக்க முடிகிறது. விசாரிக்கப்பட்ட பெண்களுக்கு அந்த ஏடு இழைத்த அவமானம் பெரிது. அந்தப் பெண்களின் வாய்ச்சொல்லை வேறெந்த ஏடும் காக்கவில்லை என்பதும் உண்மை.

சொத்து இருந்தவர்களைத் தேட உயில்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1925 வரையிலான உயில், சொத்துப் பட்டியல் ஆவணங்களைத் தேசியப் பதிவுத்துறை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ஒரு பொறி மட்டும் உண்டு. 1868க்கு முன் நிலத்தையும் வீட்டையும் உயிலால் கொடுக்க முடியாது. பொதுவாக அவை மூத்த மகனுக்குப் போய்ச் சேரும். ஆகையால் தந்தையின் உயிலில் இளைய பிள்ளைகள் மட்டும் இருந்து, மூத்தவன் பெயரே இல்லாமல் போகலாம். அவனை 1617இல் தொடங்கிய நிலக் கைமாற்றுப் பதிவேட்டில் தேடலாம். சொத்தே இல்லாதவர்களை 1845ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பிந்திய உதவிப் பதிவுகளில் தேடலாம். கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் உள்ள அத்தகைய பதிவுகளில் உதவி கேட்டவரின் பிறப்பிடமும், குடும்பமும், குடியிருந்த தெருக்களும் விரிவாக இருக்கின்றன. செல்வரைவிட ஏழையைப் பற்றியே அதிகம் தெரிய வருவது பல வேளைகளில் இந்தப் பதிவுகளால்தான்.

இனி, பெரிதும் ஏமாற்றும் ஒன்றைப் பற்றி. அது குலப்பெயர். கேம்பெல் என்று பெயர் இருந்தால் ஆர்கைல் பிரபுவின் இரத்தம் என்றும், மெக்டொனால்ட் என்றால் தீவுகளின் தலைவர் வழி என்றும் நம்புவோர் பலர். பதிவு என்ன சொல்கிறது? தலைவனின் நிலத்தில் உழுதவனும், அவன் பாதுகாப்பை நாடி வந்தவனும் அவன் பெயரையே தாங்கினார்கள். மெக்ரெகர் என்ற பெயரை 1603இல் அரசு தடைசெய்தது. அந்தத் தடை முற்றிலும் நீங்கியது 1774இல்தான். இடைக்காலத்தில் அந்தக் குலத்தார் வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரே தன் தாய் வீட்டுப் பெயரான கேம்பெல் என்பதைப் பயன்படுத்தினார். கடைகளில் குடும்பப் பெயரோடு விற்கும் குலச்சின்னமும் சான்று ஆகாது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அத்தகைய சின்னம் ஒரு தனி மனிதருக்கு உரியது. ஒரு பெயருக்கு உரியது அன்று. வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகளிலோ குடும்பப் பெயரே நிலைக்கவில்லை. மாக்னஸின் மகன் மான்சன் ஆனான். அவன் பிள்ளைகளுக்கு வேறு பெயர். 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே இது தொடர்ந்தது. வடகிழக்கு மீனவ ஊர்களில் ஒரே பெயர்கொண்டோர் மிகுந்துபோய், ஆளடையாளத்துக்காகப் பட்டப்பெயரையும் அரசு ஏட்டில் சேர்த்து எழுதினார்கள்.

கடல் கடந்தவர்களின் தடம் எங்கே கிடைக்கும்? பழைய கப்பல்களுக்கு முழுமையான பயணிகள் பட்டியல் பெரும்பாலும் இல்லை. பிரிட்டனிலிருந்து புறப்பட்டோர் பட்டியல் தொடர்ச்சியாகக் கிடைப்பது 1890 முதல்தான். விதிவிலக்குகள் உண்டு. 1852 முதல் 1857 வரை மலைநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய சங்கத்தின் பட்டியல்கள், குடும்பம் குடும்பமாகப் பெயரும் வயதும் ஊரும் சொல்கின்றன. மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்த நாட்டின் பதிவே துணை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில இறப்புச் சான்று பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் தருகிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பல கல்லறைகள் இறந்தவரின் பிறந்த பங்கைச் சொல்கின்றன.

தமிழ் மண்ணுக்கும் அவர்கள் வந்தார்கள். கிளாஸ்கோவில் 1761இல் பிறந்த தாமஸ் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானார். கின்கார்டின்ஷயரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் இலங்கை மலைநாட்டில் 1867இல் தேயிலை பயிரிட்டார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கின்றன. எழும்பூரின் புனித ஆண்ட்ரூஸ் கோவில் 1821இல் ஸ்காட்லாந்து சபையாருக்காக எழுந்தது. ஆளுநர்களும் தோட்ட முதலாளிகளும் வரலாற்றில் ஏறிவிட்டார்கள். சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும் வந்து, இங்கேயே குடும்பம் அமைத்து, இங்கேயே அடங்கியவர்கள்? சென்னை மாகாணக் கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அந்தப் படிகளில் ஒரு பெருங்குறை உண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயரை ஸ்காட்லாந்தில் காத்த அதே மக்களின் குழந்தை சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது, தாய் இந்தியப் பெண் என்றால் அவள் பெயர் பல முறை ஏட்டில் ஏறவில்லை. தந்தையின் பெயரும் பதவியும் இருக்கும். தாயின் இடம் வெறுமையாகவோ, சுதேசப் பெண் என்ற ஒற்றைக் குறிப்போடோ இருக்கும். இது பதிவின் குறை மட்டுமன்று, அநீதி. விடுபட்ட அந்தப் பெயரைச் சில வேளை தந்தையின் உயில் திருப்பித் தருகிறது. தன் துணைவிக்கு மாதப் பணமும் பிள்ளைகளுக்குப் பங்கும் எழுதி வைத்தவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது. சென்னை உயில்களும் அதே நூலகத்தில் உள்ளன. இத்தகைய குடும்பங்களில் பிறந்தோர் ஸ்காட்லாந்துத் தகப்பனின் ஊரைத் தேடுமுன் அந்த உயிலைத் தேடி எடுக்க வேண்டும்; வம்சாவளியில் முதலில் எழுத வேண்டியது ஏடு எழுத மறுத்த தாயின் பெயரை.